ஈடான எதிரி வாய்க்காதவர்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் பெரிய பெயர்களைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் அதிக நேரம் பிடிக்காது. ஜாக் ஜான்சன், ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, முகமது அலி, ஜோ ஃப்ரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன் என்று வந்து, அங்கிருந்து ஒரே தாவலில் மைக் டைசனுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தாவலில் ஏழு ஆண்டுகள் விடுபட்டுப் போகின்றன. லேரி ஹோம்ஸ் 1978 ஜூனில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார்; 1985 செப்டம்பரில்தான் அதை இழந்தார். இடையில் 20 முறை அதைக் காத்துக்கொண்டார். ஒரே ஆட்சிக்காலத்தில் இதைவிட அதிக முறை பட்டத்தைக் காத்த ஹெவிவெயிட் ஒருவர்தான், 25 முறை காத்த ஜோ லூயிஸ். ஹோம்ஸின் முதல் எட்டுத் தற்காப்புகளில் ஒன்றுகூட நடுவர்களின் மதிப்பெண் வரை போகவில்லை; எட்டுப் பேரும் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டார்கள். பட்டத்தை இழக்கும் நாள் வரை 48 சண்டைகள், 48 வெற்றிகள். இப்படிப்பட்ட கணக்கு வேறு எந்த விளையாட்டில் இருந்தாலும் அந்த மனிதரின் பெயரைக் குழந்தைகள்கூடச் சொல்லும். 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த வருகையைப் பற்றிய பேச்சு நம் ஊரில் இன்றைக்கும் ஓயவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அலியைப் பத்துச் சுற்றுகளுக்கு மேல் எழவிடாமல் செய்தவர் யார் என்று கேட்டால், விளையாட்டுச் செய்திகளை விடாமல் படிப்பவர்கள்கூடச் சற்றுத் தயங்குவார்கள். அமெரிக்காவிலும் நிலைமை இதற்கு வெகு தொலைவில் இல்லை.

அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று சொன்ன உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்புதான். 2008-இல் கானஸ்டோட்டாவிலுள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் வளர்ந்த பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் 2015-இல் அவருக்குச் சிலை எழுந்தது. பணமும் சம்பாதித்தார், அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளவும் செய்தார். பல சாம்பியன்களுக்கு இது கைகூடவில்லை. இன்னும் என்ன வேண்டும்? ஏடுகளில் இடம்பெறுவதும் மனங்களில் இடம்பெறுவதும் ஒன்றல்ல என்பதுதான் என் பதில். புகழ்மண்டபம் கணக்கைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. ஆனால் ஒரு வீரரின் சாதனை உயிரோடு இருப்பது, பிறகு வருகிற ஒவ்வொரு வீரரையும் அளக்கும்போது அவர் பெயரை எடுத்துப் பேசுகிறார்களா என்பதில்தான். புதிதாக ஒருவர் வேகமாகக் கால் எடுத்து வைத்தால் அலி பெயர் வருகிறது. இடிபோல் குத்தினால் ஃபோர்மன் பெயரோ டைசன் பெயரோ வருகிறது. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றால் மார்சியானோ பெயர் வருகிறது. ஹோம்ஸ் பெயர் வருவது இரண்டே இடங்களில். ஒன்று, நோயுற்ற அலியை அடித்தவர் என்று. மற்றொன்று, 1988-இல் டைசனின் குத்தில் மல்லாந்து விழுந்தவர் என்று. இரண்டு துண்டுக் காட்சிகளிலும் கதாநாயகர் வேறொருவர். 75 சண்டைகள் ஆடி 69-இல் வென்ற மனிதரைப் பற்றிய பொது நினைவு அந்த இரண்டு இரவுகளில் முடிந்துவிடுகிறது.

குத்துச்சண்டையில் புகழைத் தனியாகச் சம்பாதிக்க முடியாது, அதை எதிராளி கொண்டுவந்து தரவேண்டும். ஓட்டப்பந்தய வீரருக்குக் கடிகாரம் இருக்கிறது, உயரம் தாண்டுபவருக்குக் கம்பு இருக்கிறது; குத்துச்சண்டைக்காரருக்கு எதிரே நிற்கும் மனிதர் மட்டுமே அளவுகோல். அலியின் பெருமையில் பாதி ஃப்ரேசியர் கொடுத்தது. இருவரும் மூன்று முறை மோதினார்கள், ஒருவரை ஒருவர் கிட்டத்தட்ட அழித்துக்கொண்டார்கள், அதனால் இருவருமே நிலைத்தார்கள். ஹோம்ஸ் பட்டம் வைத்திருந்த அதே ஆண்டுகளில் கீழ் எடைப் பிரிவுகளில் ரே லியோனார்ட், ரொபர்ட்டோ டுரான், தாமஸ் ஹெர்ன்ஸ், மார்வின் ஹேக்லர் என்ற நால்வர் தங்களுக்குள் மாறி மாறி மோதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒவ்வொருவரும் மற்ற மூவரிடம் தோற்கவும் வெல்லவும் கூடியவராக இருந்தார். இன்று அந்த நால்வரில் ஒருவரைப் பற்றி எழுதினால் மற்ற மூவரைச் சொல்லாமல் தீராது. ஹோம்ஸுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் முதுமையில் விழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். தன் தலைமுறையிலிருந்து அவர் வெகு தூரம் விலகி உயரத்தில் இருந்தார், அந்த உயரத்தைக் காட்டித்தரப் பக்கத்தில் ஆளில்லை. அவருக்கு அங்கீகாரம் குறைந்ததற்கு முதற்காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நிறவெறி, அலியின் நிழல், ஹோம்ஸின் வாய் என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களும் உண்மையே; ஆனால் ஈடான எதிரி ஒருவர் இருந்திருந்தால் அவை எல்லாவற்றையும் மீறி அவர் நின்றிருப்பார்.

இரண்டாவது ஒரு காரணம் அவருடைய திறமையின் தன்மையிலேயே இருக்கிறது. ஹோம்ஸின் ஆயுதம் இடது கை ஜாப். குத்துச்சண்டையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் குத்து அது. முன்கையை நேராக நீட்டி எதிராளியின் முகத்தில் தட்டிவிட்டு அதே பாதையில் திரும்ப எடுத்துக்கொள்வது. பெரும்பாலோருக்கு அது தூரம் பார்க்கும் கருவி, வலது கையை வீசுவதற்கு முன் எதிராளியின் கண்ணை மறைக்கும் திரை. ஹோம்ஸ் அதையே முழு ஆட்டமாக ஆக்கினார். அவருடைய சண்டைகளின் படச்சுருளைப் பார்த்தால் தெரியும்: இடது கை இடுப்புக்குச் சற்று மேலே தொங்கலாக இருக்கும், அங்கிருந்து கிளம்பும் குத்தை எதிராளி கண்ணால் பிடிப்பதற்குள் கையுறை முகத்தில் இருக்கும். தோள் முழுவதும் அதன் பின்னால் வரும். முட்டி கடைசிக் கணத்தில் உள்பக்கமாகத் திரும்பும். கை எடுத்த வேகத்திலேயே இரண்டாவது முறையும் போகும். பத்தாவது சுற்றில் எதிராளியின் கண் வீங்கி மூடியிருக்கும்போது, எந்தக் குத்து அதைச் செய்தது என்று பார்வையாளரால் சுட்டிக்காட்ட முடியாது, ஏனென்றால் எந்த ஒரு குத்தும் அதைச் செய்யவில்லை. டைசனின் வெற்றியை ஐந்து நொடிப் படமாக வெட்டி எடுத்துவிடலாம். ஹோம்ஸின் வெற்றியைப் புரிந்துகொள்ள முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஹெவிவெயிட் வரலாற்றின் சிறந்த ஜாப் யாருடையது என்று பயிற்சியாளர்களைக் கேட்டால் சோனி லிஸ்டன் பெயரையும் ஹோம்ஸ் பெயரையும்தான் சொல்வார்கள். தொழில் தெரிந்தவர்கள் மதிப்பதும் ஊர் நினைவில் வைப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஜாப் ஒன்றை நம்பியவர் என்பதால் அவரைக் கணக்குப் பார்த்து ஆடும் குமாஸ்தா என்று எண்ணிவிடக் கூடாது. 1978 ஜூன் 9 அன்று லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸில் கென் நார்ட்டனுடன் அவர் ஆடிய பட்டப்போட்டியைப் பார்க்க வேண்டும். நார்ட்டன் 1973-இல் அலியின் தாடையை உடைத்தவர், டபிள்யூபிசி என்ற குத்துச்சண்டை அமைப்பின் அப்போதைய சாம்பியன். ஹோம்ஸ் அந்தச் சண்டைக்கு இடது கையில் காயத்தோடு போனார். எந்தக் கையை நம்பி வாழ்ந்தாரோ அந்தக் கை. முதல் பாதியில் அதே கையால் நார்ட்டனைத் தள்ளியே வைத்திருந்தார்; பிற்பாதியில் நார்ட்டன் உள்ளே புகுந்து விலாவை உடைக்கத் தொடங்கினார். 14 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் இருவரும் சமம். கடைசி மூன்று நிமிடங்களில் இருவரும் கைகளைக் கீழே போடவே இல்லை. இரு பக்கமும் தலை பின்னால் சொடுக்குகிறது, முழங்கால் மடிகிறது, மறுபடி நிமிர்ந்து அடிக்கிறார்கள். ஹெவிவெயிட் வரலாற்றின் ஆகச் சிறந்த சுற்றுகளில் அது ஒன்று. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே எண்ணில் நார்ட்டனுக்கும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ், அந்தத் தலைமுறையிலேயே கடுமையாகக் குத்துபவர் என்று பெயரெடுத்தவர், ஏழாவது சுற்றில் ஒரு வலது கையால் ஹோம்ஸை மல்லாத்தினார். பெரும்பாலோருக்கு ஆட்டம் அங்கே முடிந்திருக்கும். ஹோம்ஸ் எழுந்தார், அந்தச் சுற்றைக் கடந்தார், பதினொன்றாவது சுற்றில் ஷேவர்ஸை நிறுத்தினார். நார்ட்டனுடன் அந்தச் சண்டையை மறுபடி ஆடியிருந்தால் ஒருவேளை இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. அது நடக்கவில்லை. 1979-இல் நார்ட்டனை ஷேவர்ஸ் ஒரே சுற்றில் வீழ்த்தினார், 1981-இல் ஜெரி கூனி என்பவர் 54 நொடிகளில் முடித்துவைத்தார். ஹோம்ஸின் ஒரே ஈடான எதிரி ஒரே ஓர் இரவுதான் எதிரியாக இருந்தார்.

அலியின் கதைக்கு வருவோம். பென்சில்வேனியாவின் டியர் லேக்கில் அலி வைத்திருந்த முகாமில் பயிற்சிக்கூட்டாளியாக இருந்துதான் ஹோம்ஸ் தொழில் கற்றார். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, கார் கழுவும் கடையில் வேலை பார்த்த இளைஞருக்கு அந்த முகாம்தான் கல்லூரி. ஒருநாள் அலியின் குத்தில் கண் கறுத்தபோது ஐஸ் வைக்க மறுத்து, அந்தக் கண்ணை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டப் பெருமையோடு போனவர் அவர். 1980 அக்டோபர் 2 அன்று அதே அலி, 38 வயதில், இரண்டு ஆண்டு ஓய்வுக்குப் பின் அவர்முன் நின்றார். தைராய்டு மருந்து தின்று எடை குறைத்திருந்த உடல் வெளியிலிருந்து பார்க்க இளமையாக இருந்தது, உள்ளே எதுவும் மிச்சமில்லை. பத்துச் சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே எழுதினார்கள். இடையில் ஹோம்ஸ் பலமுறை நடுவரைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்துங்கள் என்று கேட்பதுபோல. பத்தாவது சுற்றின் முடிவில் அலியின் மூலையிலிருந்து ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். அலி தன் வாழ்நாளில் நிறுத்தப்பட்டது அந்த ஒரு முறைதான். வென்றவர் அழுதார். இந்த வெற்றியை ஹோம்ஸின் சாதனைக் கணக்கிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று நானே சொல்வேன். நோயாளியை வென்றதில் சேர்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் உலகம் எதிர்த்திசையில் போனது. அந்த வெற்றியைச் சாதனையாக எண்ணாததோடு, குற்றமாகவும் எண்ணிக்கொண்டது. மற்ற 19 தற்காப்புகளைத் தனியாக எடுத்துப் பார்க்கும் பொறுமை அதன் பிறகு யாருக்கும் இருக்கவில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: 1951-இல் மார்சியானோ 37 வயதான ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார், அவரும் அழுதார். அதை யாரும் மார்சியானோவின் கழுத்தில் கட்டித் தொங்கவிடவில்லை. காரணம் எளிது. லூயிஸ் போன பிறகு மார்சியானோவுக்குப் பெரிய எதிரிகளாக வால்காட் இருந்தார், சார்ல்ஸ் இருந்தார், மூர் இருந்தார். ஹோம்ஸுக்கு அந்த இரவைக் கழுவிவிடும் பெரிய சண்டை அடுத்து வரவில்லை.

வந்த ஒரே பெரிய சண்டையில் பெருமை அவருக்குச் சேராதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. ஜெரி கூனி, நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர், ஆறரை அடி உயரம், 25 சண்டைகளிலும் வெற்றி. 1982 ஜூன் 11 அன்று நடந்த அந்தச் சண்டைக்கு முன் டைம் இதழின் அட்டையில் சில்வெஸ்டர் ஸ்டாலோனோடு வந்தவர் சாம்பியன் அல்ல, கூனிதான். சவாலுக்கு வந்தவருக்குச் சாம்பியனுக்குச் சமமான தொகை. மேடையில் சாம்பியனைக் கடைசியாக அறிவிப்பது குத்துச்சண்டையின் பழைய மரியாதை. அன்று ஹோம்ஸை முதலில் அறிவித்துவிட்டு, கூனியைக் கடைசியாக அறிவித்தார்கள். வெற்றி பெற்றால் குடியரசுத் தலைவர் ரீகன் அழைத்துப் பேசுவதற்குக் கூனியின் அறையில் தொலைபேசி இணைப்பு கொடுத்திருந்தார்கள்; நான்கு ஆண்டுகளாகச் சாம்பியனாக இருந்தவரின் அறையில் அது இல்லை. கறுப்பரிடமிருந்து பட்டத்தை மீட்கும் வெள்ளை நம்பிக்கை என்று ஜாக் ஜான்சன் காலத்தில் தொடங்கிய பழைய நோய்தான், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு பெரும் பணத்தோடு திரும்பி வந்தது. இதில் கூனியைக் குறை சொல்ல முடியாது. அவர் அந்த வேடத்தைக் கேட்டு வாங்கவில்லை. பின்னாளில் இருவரும் நல்ல நண்பர்களானார்கள். அவர் சும்மா ஆளும் அல்ல: தாழ்குத்துக்காக அவரிடமிருந்து மூன்று புள்ளிகளைக் கழிக்காமல் இருந்திருந்தால், 12 சுற்றுகளின் முடிவில் இரண்டு நடுவர்களின் தாளில் அவர்தான் முன்னால் இருந்திருப்பார். பதின்மூன்றாவது சுற்றில் ஹோம்ஸ் அவரைக் கயிற்றில் சாய்த்து முடித்தார். அதன் பிறகு கூனியின் பெயர் உதிர்ந்தது, ‘அவர் வெறும் விளம்பரத்தால் ஊதியவர்’ என்று சொல்லிவிட்டார்கள். தோற்றவரின் மதிப்பைச் சண்டைக்குப் பிறகு குறைப்பது, வென்றவரின் கையிலிருந்து வெற்றியைப் பிடுங்கும் எளிய வழி. ஹோம்ஸுக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது.

1985 செப்டம்பர் 21, மார்சியானோ தன் கடைசிச் சண்டையை ஆடி சரியாக 30 ஆண்டுகள். அன்று வென்றிருந்தால் மார்சியானோவின் 49-0 என்ற எண்ணை ஹோம்ஸ் தொட்டிருப்பார். லைட் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 15 சுற்றுகளில் அவரை வென்றார். இரண்டு நடுவர்கள் 143-142, ஒருவர் 145-142. நார்ட்டனிடமிருந்து பட்டம் வந்த அதே மதிப்பெண்ணில் அது கையைவிட்டுப் போனது. முன்னால் நடந்தது நியாயமென்றால் பின்னால் நடந்ததும் நியாயமே, இதில் அவருக்காக நான் வழக்காட மாட்டேன். ஆனால் தோல்விக்குப் பின் அவர் சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு மதிப்பெண் தாள்களையும் மறக்கடித்தது. மார்சியானோவுக்குத் தன் உள்ளாடையைத் தூக்கிவரும் தகுதிகூட இல்லை என்ற பொருளில் பேசினார், அதுவும் மார்சியானோவின் குடும்பத்தார் அங்கே இருக்கும்போது. அடுத்த ஏப்ரலில் நடந்த மறுபோட்டியில் பிளவுபட்ட தீர்ப்பில் மீண்டும் தோற்றார். வென்றது ஹோம்ஸ்தான் என்று அன்று பலர் எழுதினார்கள். அவரோ நேரலையில் நடுவர்களை ஏசிவிட்டுப் போனார். இறந்த மனிதரைப் பற்றிப் பேசிய பேச்சு தவறு, பிறகு அவரே மன்னிப்புக் கேட்டார். எனினும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஃப்ரேசியரைப் பற்றி மணிலா சண்டைக்கு முன் அலி பேசியவை இதைவிடக் கொடியவை, அவை ஒருமுறை வாய் தவறி வந்தவையும் அல்ல. அலியின் சாதனையை எடைபோடும்போது யாரும் அந்தப் பேச்சைத் தராசில் வைப்பதில்லை. ஏழாண்டுகள் தனக்கு உரிய மரியாதை மறுக்கப்பட்டதன் கசப்பு ஓர் இரவில் வெடித்ததை வைத்து, அந்த மரியாதையை மறுத்தது சரிதான் என்று வாதிடுவது முறையல்ல.

ஹோம்ஸுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் உண்மையான பலமுள்ளது ஒன்று உண்டு: அவர் பட்டங்களை ஒன்றிணைக்கவில்லை. அவர் டபிள்யூபிசி சாம்பியனாக இருந்த காலத்தில், மற்றோர் அமைப்பான டபிள்யூபிஏவின் பட்டம் ஜான் டேட், மைக் வீவர், மைக்கேல் டோக்ஸ், கெரி கோட்ஸி என்று கை மாறிக்கொண்டே இருந்தது. அவர்களில் யாரோடும், அவர்கள் சாம்பியனாக இருந்த நாளில், ஹோம்ஸ் மோதவில்லை. கோட்ஸியுடன் 1984-இல் திட்டமிட்ட சண்டை பணச் சிக்கலில் கலைந்தது. கிரெக் பேஜுடன் ஆட வேண்டிய கட்டாயச் சண்டையை ஆடாமல் 1983 இறுதியில் டபிள்யூபிசி பட்டத்தையே விட்டுக்கொடுத்தார், புதிதாகத் தொடங்கிய ஐபிஎஃப் அமைப்பின் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அதே நேரத்தில் பத்தே சண்டைகள் ஆடியிருந்த மார்விஸ் ஃப்ரேசியரை ஒரு சுற்றில் முடித்துப் பெரும் தொகை வாங்கினார். பிளவுபட்ட தீர்ப்பில் தப்பிய டிம் விதர்ஸ்பூனுக்கு மறுவாய்ப்புத் தரவில்லை. இவை குறைகள்தான். அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளின் தேர்வுகள் சாம்பியனுடையவையாக இல்லை, வியாபாரியுடையவையாக இருந்தன. அவரை லூயிஸுக்கும் அலிக்கும் சமமாக வைக்க முடியாது என்பதற்கு எனக்கு இந்தக் காரணம் போதும். ஆனால் முதல் ஐந்து பேரில் ஒருவராக வைக்க மறுப்பதற்கு இது போதாது. பிளவுபட்ட பட்டங்களின் காலத்தை அவர் உண்டாக்கவில்லை, அமைப்புகளும் ஏற்பாட்டாளர்களும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் உண்டாக்கின.

எஞ்சியிருப்பது எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டு: அவர் காலத்து எதிரிகள் பலவீனமானவர்கள். எண்பதுகளின் ஹெவிவெயிட்களை இழந்த தலைமுறை என்றே எழுதுகிறார்கள். போதையும் தொப்பையும் ஒப்பந்த வழக்குகளும் பல திறமைசாலிகளைத் தின்றன, அது உண்மை. ஆனால் இந்த வாதம் தன் வாலைத் தானே விழுங்குகிறது. எதிரிகள் பலவீனமானவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டால் அவர்கள் ஹோம்ஸிடம் தோற்றதைத்தான் காட்டுகிறார்கள். ஹோம்ஸிடம் தோற்ற பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். மைக் வீவர் 1979 ஜூனில் ஹோம்ஸிடம் தோற்றார். அடுத்த மார்ச்சில் ஜான் டேட்டைக் கடைசிச் சுற்றில் வீழ்த்தி டபிள்யூபிஏ சாம்பியனானார். ட்ரெவர் பெர்பிக் 1981-இல் தோற்றார். 1986-இல் டபிள்யூபிசி சாம்பியனானார். விதர்ஸ்பூன் 1983-இல் தோற்றார். 1984-இல் ஒரு பட்டமும் 1986-இல் மற்றொரு பட்டமும் வென்றார். ஜேம்ஸ் ஸ்மித் 1984-இல் தோற்றார். 1986 டிசம்பரில் அதே விதர்ஸ்பூனை முதல் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் பெற்றார். ஹோம்ஸ் தன் வழியில் தள்ளிவிட்டுப் போன நால்வர் பிறகு உலகப் பட்டம் அணிந்தார்கள். வேறு எந்தக் காலத்திலும் இதைப் பார்த்தால் வலிமையான காலம் என்றுதான் சொல்வோம். ஜோ லூயிஸ் மாதம் ஒருவராக வீழ்த்திக்கொண்டிருந்த 1941-இல் பத்திரிகைகள் அவருடைய எதிரிகளை ‘மாதம் ஒரு உதவாக்கரை’ என்று கிண்டல் செய்தன. இன்று அந்தக் கிண்டலை வைத்து லூயிஸைக் குறைத்து மதிப்பவர் யாருமில்லை, ஏனென்றால் 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மெலிங்கை ஒரே சுற்றில் வீழ்த்திய இரவு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. லூயிஸுக்கு அந்த இரவு உரியதுதான். ஒரு ஷ்மெலிங் கிடைக்காததற்கு ஹோம்ஸைத் தண்டிப்பதுதான் தவறு.

காலத்தைக் குற்றம் சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய சண்டை ஒன்று 1992 பிப்ரவரி 7 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. ரே மெர்சர், 1988 சியோல் ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கக்காரர், அதுவரை தோல்வி காணாதவர், டைசனுக்கு அடுத்த தலைமுறையின் நம்பிக்கைகளில் ஒருவர். ஹோம்ஸுக்கு 42 வயது. கால்கள் போய்விட்டன, 1978-இன் ஜாப் வேகத்தில் பாதிகூட இல்லை. அவர் மூலைக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்து நின்றுகொண்டு மெர்சரை வரச்சொன்னார். மெர்சர் வந்தார், ஒவ்வொரு முறையும் வலது கையையும் கீழிருந்து மேலே வரும் குத்தையும் வாங்கிக்கொண்டு போனார். தூரத்தை அளப்பது, எதிராளியின் தோள் அசைவதற்கு முன்பே அவன் என்ன செய்யப்போகிறான் என்று அறிவது, ஒரு அங்குலம் மட்டும் தலையை நகர்த்துவது என்று ஏழு ஆண்டு ஆட்சியில் யாரும் கவனிக்காத அத்தனை நுட்பங்களும், வேகம் என்ற திரை விலகியதால், அன்று வெளிப்படையாகத் தெரிந்தன. 12 சுற்றுகளின் முடிவில் மூன்று நடுவர்களும் ஒருமனதாக அவருக்கு எழுதினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 45 வயதில், லென்னக்ஸ் லூயிஸை இரண்டே சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றிருந்த ஆலிவர் மெக்காலுடன் ஆடி, இரண்டு நடுவர்களின் தாளில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். வலிமையான காலம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தொண்ணூறுகளில், தன் சிறந்த நாட்களுக்குப் பத்தாண்டுகள் கழித்து வந்து, அந்தக் காலத்தின் ஒலிம்பிக் சாம்பியனை வென்று, உலக சாம்பியனைக் கடைசி நொடி வரை இழுத்துவந்த ஒருவரின் 1980-ஐ எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, பலவீனமான காலம் என்ற விளக்கம் விடையாகாது.